பதின்மூன்று பெயர்கள்

அன்புள்ள செல்வி,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. நீ கோபமாக இருப்பாய் என்று தெரியும். அம்மாவுக்கு முழங்கால் சரியாகிவிட்டது, மாடிப்படி ஏறுகிறாள். உன் பையனின் கல்யாணப் பத்திரிகையும் கிடைத்தது. கட்டாயம் வருவேன்.

இப்போது எழுதுவது என் தங்கச்சி மகள் கயலுக்காக. ஒரு விளம்பரப் போட்டியில் 'புதுமுகம்' என்று அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் பெரிய ஓட்டலில் விருந்து, நடனம், மேடையேற்றம். தங்கச்சிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

காரணம், ஹாலிவுட்டின் பேசாப்படக் காலத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே 'வாம்பஸ்' என்று சினிமா விளம்பரக்காரர்களின் சங்கம் ஒன்று இருந்தது. 1922 முதல் 1934 வரை, நடுவில் இரண்டு வருடம் தவிர்த்து, இனி நட்சத்திரமாகப் போகிறவர்கள் என்று இளம் நடிகைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலும் 13 பேர். 'பேபி ஸ்டார்ஸ்' என்று பெயர். 'ஃப்ராலிக்' என்ற ஆடம்பர நடன விழாவில் அவர்களை ஊருக்கு அறிமுகம் செய்வார்கள். பின்னால் பெரிய நட்சத்திரமான கிளாரா போ, 1924இல் அதில் ஒருத்தி.

1926 பட்டியலைப் பார், பிரமித்துப்போவாய். மேரி ஆஸ்டர், டோலோரஸ் டெல் ரியோ, ஃபே ரே, ஜேனட் கெய்னர், எல்லோரும் பின்னால் புகழ்பெற்றவர்கள். கெய்னர் மூன்றே வருடத்தில், முதல் ஆஸ்கர் விழாவிலேயே சிறந்த நடிகை! ஆனால் அதே வரிசையில் சாலி லாங் இருக்கிறாள், எட்னா மரியன் இருக்கிறாள். அதே மேடை, அதே கைதட்டல். நாம் இத்தனை வருடம் சினிமா பேசியிருக்கிறோமே, இந்த இரண்டு பெயரை ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறோமா? ஒரு ராத்திரி வெளிச்சத்தை நம்பித்தானே அவர்களும் உடுத்திக்கொண்டு போயிருப்பார்கள்.

அந்தப் பதின்மூன்றில் ஜோன் கிராஃபோர்டும் உண்டு. நடனப் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கியவள். அவளுடைய சொந்தப் பெயர் லூசில் லெ சூர். ஸ்டுடியோவுக்கு அது பிடிக்காமல், 1925இல் ஒரு சினிமாப் பத்திரிகையில் வாசகர்களுக்குப் போட்டி வைத்துப் பெயரையே மாற்றிவிட்டார்கள். அவளுக்கு அந்தப் புதுப்பெயர் பிடிக்கவே இல்லையாம். ஆனாலும் கடைசிவரை அதோடுதான் இருந்தாள்.

நேற்று கயல் போன் பண்ணினாள். "பெரியம்மா, கயல்விழி எடுபடாதாம், வேற பேர் வைக்கச் சொல்றாங்க" என்கிறாள், சிரித்துக்கொண்டே! அது நம் தமிழ் டீச்சர் தொட்டிலில் குனிந்து வைத்த பெயர், செல்வி. நீயும்தானே பக்கத்தில் நின்றாய்.

போகாதே என்று நான் சொல்லமாட்டேன். ஆடட்டும், நடிக்கட்டும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை உன்னிடம் பேசட்டும். என் பேச்சைவிட உன் பேச்சைத்தான் கேட்பாள், அந்த மொட்டைமாடிச் சம்பவத்திலிருந்தே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பாள். கூப்பிடு.

அப்புறம், ஊறுகாய் ஜாடி என்னிடம்தான் இருக்கிறது. ஜெயந்தியைத் திட்டாதே.

அன்புடன்,
வசந்தா