லிஃப்ட் போட்ட வண்டி பின்னால் ஏன் தூக்கி அடிக்கிறது? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தார், ஜிப்ஸி, பொலேரோ, வி-கிராஸ் என எந்த வண்டியானாலும் சரி, லிஃப்ட் கிட் போட்டு உயரம் ஏற்றியவர்கள் எங்கள் காலடிப்பேட்டை பட்டறைக்கு வந்து சொல்லும் புகார் ஒன்றுதான்: "முன்னாடி பரவால்லணா, பின்னாடிதான் தூக்கித் தூக்கி அடிக்குது." கண்டெய்னர் லாரிகள் உழுது போட்ட எண்ணூர், மணலி ரோடுகளில் தினம் போய் வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பின் சீட்டில் ஒருமுறை உட்கார்ந்த மாமியார் மறுமுறை ஆட்டோ பிடிக்கிறார். கையோடு அடுத்த கேள்வியும் வரும்: "வேற ஸ்பிரிங் போட்டுடலாமா?" போடலாம். ஆனால் அது கடைசிச் செலவு. அதற்கு முன் பார்க்க வேண்டியதில் பாதிக்குக் காசே ஆகாது.

முதலில் காற்று. பெரிய ஏ.டி. (எந்த ரோட்டுக்குமான ஆல்-டெரெய்ன்) டயர் மாட்டியிருப்பீர்கள். பத்து பிளை (அடுக்கு) டயரின் பக்கச்சுவர் இயல்பிலேயே விறைப்பு. பங்க்கில் காற்றடிக்கும் தம்பி வண்டியின் உருவத்தைப் பார்த்து 40 வைத்துவிடுவார். டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாக ஒரு கோடு போட்டு, நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு இரண்டு பாயிண்டாகக் குறைத்து, கோடு அகலம் முழுக்க ஒரே சீராக அழிகிற இடத்தில் நிறுத்துங்கள். ஒரேயடியாக இறக்கினால் ஹைவேயில் டயர் சூடேறும். ஆள், சாமான் ஏற்றுகிற அன்று திரும்ப ஏற்றிக்கொள்ளவும் வேண்டும்.

அடுத்தது புஷ், அதாவது பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் (நாம் பட்டை என்கிறோமே, அதன்) முனைகளில் இருக்கும் ரப்பர் உருளை. பல இடங்களில் நடக்கிற கோளாறு இதுதான், கண்ணுக்கும் தெரியாது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே பட்டையின் கண் (சுருட்டிய முனை) போல்ட்டையும், பட்டையின் பின்முனையைச் சேஸிஸோடு இணைத்து ஆடும் ஷேக்கிளின் போல்ட்டையும் முழுசாக முறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே இறுகிப் பிடித்துக்கொள்கிறது. வண்டியைக் கீழே இறக்கியதும் பட்டை அமுங்கும், புஷ் முறுக்கிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த முறுக்கு ஒரு கூடுதல் ஸ்பிரிங்காக நின்று எதிர்க்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். வைத்தியம் எளிது. வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்க, போல்ட்டுகளைத் தளர்த்தி, பின்பக்கத்தை நான்கு முறை அமுக்கி ஆட்டிவிட்டு, அதே நிலையில் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். எங்களிடம் வருகிற லிஃப்ட் வண்டிகளுக்கு முதலில் இதைத்தான் செய்கிறோம். சில பேர் இதோடே கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அதே இடத்தில் குனிந்து ஷேக்கிளையும் பாருங்கள். வண்டி சும்மா நிற்கும்போது அதன் கீழ் முனை கொஞ்சம் பின்னால், பம்பர் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பள்ளத்தில் பட்டை தட்டையாகி நீளும்போது ஷேக்கிள் பின்னால் ஆடி இடம் விடும். வளைவு அதிகமான பட்டை போட்டால் இரண்டு கண்ணுக்கும் இடையில் தூரம் குறைந்து, ஷேக்கிள் செங்குத்தாகவோ முன்னால் இழுபட்டோ நிற்கும். அப்போது அடி பட்டைக்குப் போகாமல் நேராகச் சேஸிஸில் இறங்கும். இதற்கு ஷேக்கிள் நீளத்தையோ பட்டையின் வளைவையோ மாற்றியாக வேண்டும், வேறு வழியில்லை.

ஷாக் அப்சார்பரைச் சோதிக்க ஒரு கேபிள் டை போதும். ராடு தெரிகிற மாதிரி இருந்தால், அதில் ஒன்றைக் கட்டி அடிவரை தள்ளிவிட்டு, வழக்கமாக அடி வாங்குகிற ரோட்டில் ஓட்டி வாருங்கள். டை கடைசிவரை ஏறியிருந்தால் ஷாக் அமுங்க இடமில்லாமல் முட்டுகிறது. இன்னொன்று, வண்டியை 2 அங்குலம் ஏற்றிவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டிருந்தால், நிற்கும்போதே ராடு பெரும்பகுதி வெளியே நீண்டிருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது 'டொக்' என்று பிடித்து இழுக்கும். டயர் உரசக் கூடாதென்று பம்ப் ஸ்டாப்பை (அச்சு மேலே வந்து முட்டாமல் தடுக்கும் ரப்பர் கட்டையை) நீட்டி வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அளந்து பார்க்கிறோம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அடித்தால்தான் பட்டைக் கட்டு. நம் பக்கம் லாரிப் பட்டறைகள் அதிகம் என்பதால், உயரம் வேண்டுமென்றால் ஒரு லீஃப் சேர்ப்பதே பழக்கமாகிவிட்டது. உயரம் வரும், கூடவே விறைப்பும் வரும். ஐந்து பட்டைக் கட்டில் அதே கனத்தில் இன்னொன்று சேர்த்தால் விறைப்பு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடும். கனத்தை மாற்றினால் கதையே வேறு: விறைப்பு கனத்தின் மும்மடிப்படி ஏறும். 7 மில்லி பட்டைக்குப் பதில் 8 மில்லி போட்டால் அந்தப் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பு. லாரிப் பட்டை டன் கணக்கில் சரக்கு சுமக்கிற பொருள். இரண்டு பேர் போகிற ஜிப்ஸிக்கு அது எதற்கு? உயரத்துக்காக மட்டும் லீஃப் சேர்த்துத் தரச் சொன்னால் இனி மாட்டேன் என்றுதான் சொல்வோம். வளைவு ஏற்றித் தருவோம், அல்லது வண்டி எடைக்கேற்ற கட்டு வரவழைப்போம்.

கடலோரம் என்பதால் துருவையும் கணக்கில் எடுக்க வேண்டும். உப்புக்காற்றில் பட்டைகளுக்கு நடுவே துரு ஏறினால், ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டியவை ஒட்டிக்கொண்டு ஒரே கட்டையாக நிற்கும். பிரித்து, வயர் பிரஷ் போட்டு, முனைகளுக்குப் பிளாஸ்டிக் பேடு வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

2020-க்குப் பிந்தைய தார், ஜிம்னி இரண்டிலும் பின்னால் காயில் ஸ்பிரிங். ஸ்பேசர் (இடைவளையம்) வைத்து ஏற்றினால் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது, எனவே ஷாக்கையும் புஷ்ஷையும்தான் தேட வேண்டும். லிஃப்ட் ஸ்பிரிங் வாங்கியிருந்தால் எத்தனை கிலோ நிரந்தரச் சுமைக்கானது என்று பில்லில் பாருங்கள். விஞ்ச், பின் பம்பர், கூரைக் கேரியர் மாட்டுவோம் என்ற எண்ணத்தில் வாங்கிவிட்டு எதையும் மாட்டாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய.

அதனால் வரும்போது ஒரு எடைச் சீட்டு கொண்டு வாருங்கள். மணலி பக்கம் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. முழு வண்டிக்கு ஒன்று, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒன்று. வழக்கமாக வைத்திருக்கும் சாமானோடு நிறுத்துங்கள்.

சில வண்டிகளில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் உயர்ந்தால் வண்டி காலியாக இருப்பதாக அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதையும் பிரேக் ஹோஸ் நீளத்தையும் சேர்த்தே பார்ப்போம். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

பட்டைக் கட்டை அச்சோடு பிடிக்கும் யு போல்ட்டை ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போடுவோம், பழையதைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். வேலை முடிந்து 500 கிலோமீட்டர் ஓடியதும் வந்தால் இலவசமாகவே இறுக்கித் தருகிறோம். காலையில் வந்தால் வண்டியைக் கையோடு பார்த்துவிடலாம், சாயங்காலம் டி.எச். ரோடு நெரிசலைத் தாண்டி வருவதற்குள் கடை சாத்தியிருக்கும்.

இப்படிக்கு,
பட்டறையார்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்