சிறுநீரக தானத்துக்கான வட்டாட்சியர் சரிபார்ப்புச் சான்று வழங்க உத்தரவிடக் கோரும் மனு

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: என் கணவருக்குச் சிறுநீரகம் தர முன்வந்துள்ள அவருடைய சித்தி மகனுக்குப் படிவம் 20 சான்று வழங்குதல் தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் நான் அளித்த முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ரயில்வே கேட்டைத் தாண்டிச் சந்தைப்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் தறிக்கூட வீதிகளைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற மழையில் சாக்கடை வீட்டுக்குள் ஏறியபோது நேரில் வந்து பார்வையிட்டீர்கள். அந்த வீதியில் குடியிருக்கும் விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மனைவி நான். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வாரம் இருமுறை டயாலிசிஸ் நடக்கிறது. முன்பு அளித்த மனுக்களுக்கு "நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற குறுஞ்செய்தியைத் தவிர வேறு பதில் வராததால், மீண்டும் தங்கள் பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது:

1. என் கணவர் ஓ பாசிட்டிவ். ஓ பிரிவினருக்கு ஓ பிரிவினரின் சிறுநீரகமே பொருந்தும். நான் பி பாசிட்டிவ். மாமியாருக்கு இரத்த அழுத்தம், நாத்தனாருக்குச் சர்க்கரை, மாமனார் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இருவரும் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். இறந்தோர் தானத்துக்கான காத்திருப்போர் பட்டியலிலும் பதிந்திருக்கிறோம், முறை வரவில்லை. இந்நிலையில் கணவரின் சித்தி மகன், ஒரே வீட்டில் வளர்ந்தவர், தாமாகவே முன்வந்தார். பரிசோதனைகள் அனைத்தும் பொருந்திவிட்டன. அவருடைய மனைவியும் மருத்துவமனைக்கு வந்து, ஆபத்துகளைக் கேட்டறிந்து, சம்மதம் தெரிவித்திருக்கிறார்.

2. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் 2011 திருத்தமும் சித்தி மகனை நெருங்கிய உறவினராக ஏற்கவில்லை. அன்பின் காரணமாகத் தருபவருக்கு அங்கீகாரக் குழுவின் முன் அனுமதி வேண்டும். அதற்கு, 2014 விதிகளின்படி, தானம் தருபவரின் இருப்பிடத்தைச் சரிபார்த்து வட்டாட்சியர் வழங்கும் படிவம் 20 தேவை. அந்தப் படிவத்துக்காகத்தான் இந்த மனு.

3. படிவம் ஏன் தாமதமாகிறது என்று எழுத்தில் எவரும் சொல்லவில்லை. "இந்தச் சமயத்தில் கிட்னி கோப்பில் கையெழுத்துப் போட யார் துணிவார்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். 2025ஆம் ஆண்டு பள்ளிபாளையம் வட்டாரத்தில் கடனில் மூழ்கிய தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெளிவந்து, அரசு விசாரணை நடந்ததை நாங்களும் அறிவோம். தறிக்கூடத்துக்காரர்களான எங்களுக்கு அது பத்திரிகைச் செய்தி மட்டுமன்று. வாங்கிய முன்பணத்தைக் கட்ட முடியாதவனிடம் தரகன் எப்படிப் பேசுவான் என்பது எங்களுக்குத் தெரியும். எனவே கடுமையான விசாரணை வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. விதிகள் இருவருடைய மூன்றாண்டு வருமானத்தையும் பார்க்கச் சொல்கின்றன, பாருங்கள். என் கணவர் தறி ஓட்டியவர், தம்பி முறையான அந்தச் சித்தி மகன் நூலுக்குக் கஞ்சி ஏற்றும் சைசிங் மில்லில் பாவு போடுபவர். இவர்களில் யார் யாருக்குப் பணம் கொடுக்க முடியும்? குடும்ப நிர்ப்பந்தம் இருக்குமோ என்ற சந்தேகம் நியாயமானதே. நானும் மாமியாரும் இல்லாத அறையில் தம்பியைத் தனியே அமர்த்திக் கேளுங்கள். அவர் மனம் மாறினால் நாங்கள் ஒரு வார்த்தை பேச மாட்டோம். நாளைக்கும் உழைத்துப் பிழைக்க வேண்டிய உடம்பு அவருடையது. ஆனால் இதுவரை எவரும் அவரை அழைத்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

4. ஐயா, தாமதம் என்பது எங்கள் வீட்டில் என்னவாக இருக்கிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். என் கணவருக்குச் சிறுநீர் அநேகமாக வருவதில்லை. குடிக்கும் தண்ணீர் முழுவதும் அடுத்த டயாலிசிஸ்வரை உடம்பிலேயே தங்கி, காலில் வீக்கமாகவும் நெஞ்சில் மூச்சுத்திணறலாகவும் நிற்கிறது. அதனால் தண்ணீருக்கு அளவு. இருமல் மருந்து பாட்டிலோடு வந்த அளவு மூடியில் என் மகள் ஊற்றிக் கொடுக்க, அவர் வாயை நனைத்துக்கொள்கிறார். சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், பக்கத்துத் தறிகளின் சூடும் சேர்ந்து இறங்கும் வீட்டில், தாகம் தாங்காமல் வாய் கொப்பளித்துத் துப்புகிறார். துப்பும்போது ஒரு மடக்கை விழுங்கிவிட்டாரோ என்று பிள்ளைகள் கவனிக்கிறார்கள். இளநீர், வாழைப்பழம் எதுவும் கூடாது. காய்களை நறுக்கி, வேகவைத்து, அந்த நீரை வடித்த பிறகே சமைக்கிறேன். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இரத்தம் சுத்தமாகி முடிவதற்குள் அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் பிடித்து, படுக்கையிலேயே அலறுகிறார். அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. இரத்தம் குறைந்ததால் வெளி இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. அப்படி ஏற்றும் ஒவ்வொரு பையும் உடலில் எதிர்ப்புப் பொருளை உருவாக்கக்கூடும் என்றும், உருவானால் இன்று பொருந்தும் தம்பியின் சிறுநீரகம் பின்பு பொருந்தாமல் போகலாம் என்றும், இருவர் இரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் பரிசோதனையைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றும் மருத்துவர் கூறுகிறார். கோப்பு மேசையில் கிடக்கும் நாட்களில் எங்களுக்கு இருக்கும் ஒரே வழியும் அடைபட்டுக்கொண்டிருக்கிறது.

5. மறுத்தாவது விடுங்கள் என்று கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டேன். அங்கீகாரக் குழு மறுத்தால் முப்பது நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யச் சட்டம் இடம் தருகிறது. படிவம் இல்லாமல் கோப்பு குழுவுக்கே போகாது. குழு பார்க்காமல் உத்தரவு இல்லை. உத்தரவு இல்லாமல் நான் எதை எதிர்த்து, எங்கே முறையிடுவேன்? விற்பவனையும் வாங்குபவனையும் தடுக்க வந்த சட்டம், விற்காத, வாங்காத எங்களை இப்படி வாசலிலேயே நிறுத்தி வைக்கலாமா? தரகனுக்குப் போலி ஆவணம் தயாரிக்கத் தெரியும். உண்மையான ரேஷன் அட்டையையும் பள்ளிச் சான்றையும் கையில் வைத்துக்கொண்டு நாங்கள்தானே ஐயா நிற்கிறோம்!

6. விசாரியுங்கள். இன்றே விசாரியுங்கள்.

ஆகவே, கிராம நிர்வாக அலுவலரை எங்கள் வீதிக்கு அனுப்பி விசாரித்து, வட்டாட்சியர் மூலம் படிவம் 20 சான்றைக் காலக்கெடு குறித்து வழங்க உத்தரவிடுமாறும், வழங்க இயலாதெனில் அதற்கான காரணத்தைக் கையொப்பத்துடன் எழுத்தில் தருமாறும் மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன். இருவருடைய ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, மருத்துவ அறிக்கை ஆகியவற்றின் நகல்களும், சிறு வயதில் இருவரும் ஒரே வீட்டில் எடுத்துக்கொண்ட புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. தயவுசெய்து இந்த மனுவையும் "நடவடிக்கைக்கு" என்று எழுதி அதே மேசைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நோயாளியின் மனைவி