ஓஹேர் விமான நிலையத்தில் அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளியவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். அம்மா இப்போதுதான் கொஞ்சம் தூங்குகிறார். அப்பாவுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும், மறுபடி எழுதத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் கூட இருந்தவர்கள், பேப்பர் வேலைக்காக அலைந்தவர்கள், டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணப்பேச்சே எடுக்காதவர், ரசம் சாதத்தை வாசலில் வைத்துவிட்டு மணிகூட அடிக்காமல் போன பக்கத்து வீட்டு அக்கா, எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தது உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவருக்காக. சிகாகோ ஓஹேரில் அம்மாவின் சக்கர நாற்காலியைத் தள்ளியவர். சட்டையில் பெயர் இருந்தது, இங்கே போடவில்லை. பாராட்டி எழுதப்போய், "ஒரே பாதையில் எதற்கு ரெண்டு தடவை போனாய்" என்று மேலே யாராவது கேட்டுவிட்டால்?

அங்கே முதல் டெர்மினலில் பி பக்கத்திலிருந்து சி பக்கம் போக, விமானங்கள் நகரும் தளத்துக்கு அடியில் ஒரு நீண்ட நடைச் சுரங்கம். கூரை நெடுக வளைந்து நெளிந்த நியான் குழாய்கள், அவற்றை இரட்டிப்பாக்கிக் காட்டும் கண்ணாடி. மைக்கேல் ஹேடன் என்ற கலைஞர் 1987-இல் செய்தது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி விளக்குகள் எரிந்து அணைய, நிறங்கள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டே இருக்கும். வேலை விஷயமாகப் போகும்போதெல்லாம் போனை நோண்டிக்கொண்டே அதைக் கடந்திருக்கிறேன்.

அம்மா மடியில் அந்தப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்தபடியே வந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. அந்த மனிதர் பாதி வழியில் நாற்காலியை நிறுத்தி, முன்னால் வந்து குனிந்து, மேலே பாருங்கள் என்று கையைக் காட்டினார். அம்மா நிமிர்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "அப்பா இருந்தா, இதுக்கு மாசம் எத்தனை யூனிட் ஓடும்னு கேட்டிருப்பார்டா" என்றார். கேட்டிருப்பார்தான், மின்வாரியத்தில் ரிட்டையர் ஆனவராயிற்றே. நியானுக்கு வோல்டேஜ்தான் ஆயிரக்கணக்கில், கரண்ட் துளிதான் இழுக்கும் என்று பதிலையும் அவரே சொல்லியிருப்பார். நானும் அம்மாவும் சிரித்தோம், அழுதோம், எது முதலில் என்று ஞாபகமில்லை.

அவருக்குத் தமிழ் தெரியாது, நான் எதையும் விளக்கவுமில்லை. சி பக்கம் வந்ததும் மணியைப் பார்த்தார், பேசாமல் நாற்காலியைத் திருப்பி, பி முனைவரை தள்ளிக்கொண்டுபோய் மறுபடி கூட்டிவந்தார். இந்தத் தடவை அம்மா தலையைக் கீழே இறக்கவே இல்லை.

விமான நிலையக் கூரையில் எதற்கு இத்தனை பணம் என்பவர்கள் எப்போதும் உண்டு, கேட்கட்டும். நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்ன ஆறுதலுக்கு வாய் திறக்காத அம்மா அதைப் பார்த்துத்தான் பேசினார்.

இனி எஸ்கலேட்டர் முன்னால் தயங்கி நிற்கிற பெரியவர்கள் யாரைப் பார்த்தாலும், என் விமானம் போனாலும் சரி, கூட நிற்பேன்.

ஞாயிறு காலை திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் காரியம். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள், சாப்பாடு வீட்டில்.