ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பின் சங்கத்தில் நடந்தவற்றைத் தொகுத்து உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். சங்கங்களின் பதிவகத்துக்கு அனுப்பவேண்டிய ஆண்டுப் படிவம் உரிய காலத்தில் அனுப்பப்பட்டது. செயலவைக் கூட்டங்கள் வழக்கம்போலச் சமூக மன்ற அறையில் நடைபெற்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவற்றில் விரித்துச் சொல்ல ஏதும் இல்லை. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையின்போது ஆஸ்திரேலியாவின் மனில்லா ஊருக்குச் சென்ற ஹேங் கிளைடர் (எஞ்சின் இல்லாத இறக்கையின் கீழ் தொங்கியபடி பறக்கும் ஊர்தி) பயணத்தைப் பற்றியும், அதில் வாய்த்த ஒரு நாளைப் பற்றியும்தான் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த நாளின் நண்பகலில் புதிய உறுப்பினர்களைப் பறக்கவிடாமல் நிறுத்திவைத்தது முறையா என்று கேட்டுச் செயலவைக்கு எழுத்து மூலம் முறையீடு வந்துள்ளது. அந்த முடிவை எடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், நடந்ததையும் அதற்கான காரணத்தையும் இங்கே முழுமையாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் நமக்குப் பறக்க இடம் இல்லை. இங்குள்ள மிக உயர்ந்த குன்றான புக்கிட் தீமாவே 164 மீட்டருக்கு மேல் இல்லை. அதன் உச்சிவரை காடு. சாங்கி, சிலேத்தார் விமான நிலையங்களும், தெங்கா, செம்பவாங், பாய லேபார் ஆகாயப்படைத் தளங்களும் இச்சிறிய தீவின் வானத்தை முழுவதுமாகப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. மரினா அணைக்கட்டில் காற்றாடி விடுபவர்கூட 60 மீட்டர் உயரத்தைத் தாண்டுவதற்கு அனுமதி கேட்கவேண்டும். மடித்துக் கட்டிய கிளைடர் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள உருளை; அது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் மின்தூக்கிக்குள் நுழையாது என்பதைப் புதிதாகச் சேர்பவர்கள் ஆண்டுதோறும் தாமே அளந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். ஆகவே சங்கத்தின் கிளைடர்கள் மனில்லாவிலேயே வைக்கப்பட்டுள்ளன. இங்கே நாம் செய்யக்கூடியது வானிலைப் பாடமும், சமூக மன்ற அறையில் இரும்புச் சட்டத்திலிருந்து, உடலைத் தாங்கும் பட்டைகளான ஹார்னஸில் தொங்கியபடி உடலை இடம் வலமாக நகர்த்திப் பழகுவதும்தான்.

வானிலைப் பாடத்தின் ஒரு பகுதியாக, அக்டோபர் இறுதியில் தெலுக் பிளாங்கா குன்றுக்கு உறுப்பினர்களை அழைத்துச் சென்றோம். வடக்கிலிருந்து வலசை வரும் தேன்பருந்துகள் அந்தப் பருவத்தில் தீவின் மீது கடந்து செல்லும். காலை பத்து மணிக்கு மேல், வெயிலேறிய கட்டடக் கூரைகளின் மீது எழும் சூடான காற்றோட்டமான தெர்மலில் அவை சிறகடிக்காமல் வட்டமிட்டு உயர்ந்து, அந்த உயரத்தைச் செலவழித்து அடுத்த தெர்மல்வரை சறுக்கிச் செல்வதைப் பார்த்தவர்களுக்கு, ஹேங் கிளைடரில் தொலைதூரம் போவது எப்படி என்று கரும்பலகையில் விளக்கவேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

வெயிலுக்குக் குறைவில்லாத சிங்கப்பூரில் ஏன் ஆஸ்திரேலியாவில் கிடைப்பது போன்ற தெர்மல் கிடைப்பதில்லை என்ற கேள்வி அன்று எழுந்தது. பதிலை ஒரு எளிய கணக்கில் சொல்லலாம். நிலமட்டக் காற்றின் வெப்பநிலைக்கும் பனிபடுநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வேறுபாட்டில் ஒவ்வொரு பாகைக்கும் 125 மீட்டர் என்று வைத்தால், மேகத்தின் அடித்தளம் ஏறத்தாழ எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பது தெரிந்துவிடும். இங்கே பிற்பகலில் 31 பாகை வெப்பமும் 25 பாகை பனிபடுநிலையும் இருப்பது இயல்பு; ஆகவே மேகம் 750 மீட்டரிலேயே தொடங்கிவிடும். மேலும், நனைந்த மண்ணும் பச்சை மரங்களும் வெயிலின் வலிமையில் பெரும்பகுதியை நீரை ஆவியாக்குவதிலேயே செலவழித்துவிடுவதால், காற்றைச் சூடாக்க மிஞ்சுவது கொஞ்சமே. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் இரண்டும் தலைகீழ்.

இனி பயணம். சிட்னியில் இறங்கியதும் முதலில் தெற்கே ஸ்டான்வெல் பார்க்கின் பால்ட் ஹில் குன்றுக்குச் சென்றோம். 1894 நவம்பரில் லாரன்ஸ் ஹார்கிரேவ் தாம் கட்டிய பெட்டிக் காற்றாடிகளில் தொங்கித் தரையிலிருந்து எழும்பிய கடற்கரை அது. கடற்காற்று குன்றின் மீது மோதிச் சீராக மேலெழும் இடமாதலால், புதியவர்கள் பயிற்றுநருடன் அங்கே பறந்து கைகளைப் பழக்கிக்கொண்டார்கள். அந்தக் காற்று மெத்தை போன்றது; தெர்மல் அப்படிப்பட்டதல்ல. முறையீடு எழுதியவர்கள் அங்கே நன்றாகப் பறந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதையே மனில்லாவுக்கும் சான்றாகக் காட்டுவதைத்தான் ஏற்பதற்கில்லை.

மனில்லாவுக்கு வடக்கே உள்ள போரா மலையில் பல திசைகளை நோக்கியும் புறப்பாட்டுச் சரிவுகள் உண்டு. எந்தத் திசைக் காற்றாக இருந்தாலும் அநேகமாக ஒரு சரிவு ஒத்துவரும். முதல் சில நாள்கள் மேகமூட்டமும் தூறலுமாகக் கழிந்தன. பின்னர் குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பான குளிர்முனை ஒன்று கடந்துபோய், வறண்ட தெற்குக் காற்று வந்தது. இரவு வானம் தெளிந்து குளிர்ந்தது. மறுநாள் காலை எல்லாரும் மலையடிவார முகாமில் போர்வையைப் போர்த்தியபடி உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே, நமது மூத்த விமானிகள் இருவரும் உயரத்துக் காற்றின் நிலையைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அதிகம் பேசாமல் எழுந்துபோய்த் தண்ணீர்ப் பைகளை நிரப்பத் தொடங்கினார்கள். அன்றைய உச்ச வெப்பம் 33 பாகை, பனிபடுநிலை 11 பாகை என்று கணிப்பு சொன்னது. வேறுபாடு 22 பாகை; மேக அடித்தளம் நிலத்திலிருந்து 2,750 மீட்டர் அளவில்.

காலை பத்து மணிவரை ஒன்றும் நடக்கவில்லை. இரவில் தரையோடு படிந்த குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான படலம் ஒன்று மூடிபோல் கிடந்ததால், சூடேறிய காற்று அதைத் துளைக்க முடியாமல் கீழேயே தேங்கியிருந்தது. இத்தகைய நாளில் சூடு தேங்கத் தேங்க, மூடி உடையும்போது தெர்மல் வலுவாகக் கிளம்பும். பதினொரு மணியளவில் ஆப்புவால் கழுகுகள் இரண்டு மலையின் வடமேற்கு முனையில் வட்டமிட்டு ஏறின. அடுத்த அரை மணி நேரத்தில் தலைக்கு மேலே பஞ்சுப் பொதி அளவில் முதல் மேகம் உருவாயிற்று. நண்பகலுக்குள் கீழே உழுதிருந்த வயலிலிருந்து செம்மண் சுழல் ஒன்று எழுந்து, வேலியோரம் கிடந்த வைக்கோலை அள்ளிக்கொண்டு மலையின் உயரத்துக்கும் மேலே சென்றது. புதியவர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். மூத்தவர்கள் கிளைடரின் மூக்கைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

புறப்படும் முன் செய்யும் தொங்கு சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஹார்னஸைக் கிளைடரோடு இணைக்கும் கொக்கி மாட்டப்பட்டிருக்கிறதா என்பதைப் பறப்பவர் படுத்துத் தொங்கிப் பார்த்தும், மற்றொருவர் தொட்டுப் பார்த்தும் உறுதி செய்யாமல் நம் சங்கத்தார் யாரும் ஓடத் தொடங்கக்கூடாது. 2018இல் சுவிட்சர்லாந்தில் விமானி மாட்ட மறந்த பயணி ஒருவர், தரையிறங்கும்வரை இரண்டு நிமிடத்துக்கு மேல் தம் கைகளை மட்டுமே நம்பித் தொங்கியபடி பறந்ததை உலகமே காணொளியில் பார்த்தது. இச்சோதனையைச் சடங்கு என்று கேலி செய்பவர்கள் அதை மறுபடியும் பார்க்கலாம்.

மூத்த உறுப்பினர் முதலில் புறப்பட்டார். நாலைந்து எட்டில் தரையைவிட்டு எழுந்த கிளைடர் சரிவைவிட்டு விலகுவதற்குள்ளாகவே அதன் இடது இறக்கை வெடுக்கென்று தூக்கிக்கொண்டது. அவர் உடலைத் தூக்கிய பக்கமே சாய்த்து அந்த இறக்கையை அழுத்தி, அந்தத் திசையிலேயே திரும்பினார். தெர்மலின் நடு எங்கே என்பதை இறக்கைதான் சொல்லும் என்று பாடத்தில் நூறு முறை சொன்னதை அங்கே ஒரு நொடியில் செய்து காட்டினார் என்று சொல்லவேண்டும். ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் அவருடைய வேரியோ கருவியின் கீச்சொலி வானொலியிலும் எங்களுக்குக் கேட்டது. வினாடிக்கு ஆறு மீட்டர் ஏற்றம் என்றார். சாதாரணமாகத் தானாகவே வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்கிக்கொண்டிருக்கும் கிளைடர் அந்த வேகத்தில் ஏறுகிறதென்றால், சுற்றியுள்ள காற்று எந்த வேகத்தில் எழுகிறது என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். சில நிமிடங்களில் அவர் எங்கள் கண்ணுக்குப் புள்ளியானார். இரண்டாமவர் அவரைத் தொடர்ந்தார்.

எழும் காற்றுக்குப் பக்கத்திலேயே இறங்கும் காற்றும் உண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையை மெதுவான வேகத்தில் கடந்தால், கிளைடரின் மூக்கு கீழ்நோக்கி மடங்கிக் குட்டிக்கரணம் போடவும்கூடும். ஆகவே தெர்மலுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் பிடியை உடலோடு இழுத்து வேகத்தைக் கூட்டிவைக்கவேண்டும். சீரான காற்றில் பழகிய கை அதற்கு நேர்மாறாகப் பிடியைத் தள்ளும். இதைச் சொல்லித் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் கை தெரிந்துகொள்ள நாளாகும்.

மேக அடித்தளத்தை எட்டுவதற்கு முன்பே இருவரும் வடக்கு நோக்கி விலகினார்கள். மேகத்தின் அடிவரை ஏறியிருக்கலாமே என்று பின்னர் ஒருவர் கேட்டார். 2007 பிப்ரவரியில் இதே மனில்லாவில் உலகப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஜெர்மன் பாராகிளைடர் வீராங்கனை ஏவா விஸ்னியர்ஸ்காவை இடிமேகம் ஒன்று உறிஞ்சி, 9,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோயிற்று. அவர் நினைவிழந்து, உடலெங்கும் பனிக்கட்டி படிந்த நிலையில் உயிர்தப்பினார்; அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் உயிரிழந்தார். நாம் சென்ற நாளில் இருந்தவை இடிமேகங்கள் அல்ல, தட்டையான அடியுடைய சிறு மேகங்கள்தான். என்றாலும், ஏற்றம் நிற்காதபோது விலகும் பழக்கம் நல்ல நாளிலேயே வரவேண்டும்.

வடக்கே பாராபா ஊரின் மேலாகச் சென்ற இருவரில் ஒருவர் அவ்வூரைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் இறங்கினார். மற்றவர் நாலு மணிக்குப் பிறகும் மேகத்திலிருந்து மேகத்துக்குத் தாவி, பிங்காராவுக்கு அருகே, புறப்பட்ட இடத்திலிருந்து எண்பது கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் தரையிறங்கினார். நமது சங்கத்தின் உறுப்பினர் ஒருவர் ஒரே பறப்பில் கடந்த மிக நீண்ட தூரம் இது என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன். 2012இல் டெக்சஸில் டஸ்டின் மார்ட்டின் பறந்த 764 கிலோமீட்டரோடு இதை ஒப்பிடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், ஒப்பிடவில்லை.

பாராபாவுக்கு அப்பால் இறங்கியவரின் அனுபவம்தான் முறையீட்டுக்கு நேரடியான பதில். அவர் தேர்ந்தெடுத்த மேய்ச்சல் நிலத்தில் காற்று தெற்கிலிருந்து வீசுவதை மர இலைகளில் பார்த்து, அதை எதிர்த்து இறங்கிக்கொண்டிருந்தார். தரைக்குப் பத்து மீட்டர் இருக்கும்போது அருகிலேயே ஒரு தெர்மல் கிளம்பியது. சுற்றியிருந்த காற்றெல்லாம் அதை நோக்கி ஓடியதில், எதிர்க்காற்று முதுகுக்காற்றாக மாறியது. பல ஆண்டு பழக்கம் உள்ளவர் என்பதால் வேகத்தை விடாமல் பிடித்து, ஓடிப்போய் விழுந்தார். முழங்கை சிராய்ப்போடும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பக்கக் குழாய் ஒன்று வளைந்ததோடும் தப்பினார். வலுவான தெர்மல் நாளில் ஆபத்து மேலே இருப்பதைவிடப் புறப்படும் இடத்திலும் இறங்கும் இடத்திலும்தான் அதிகம். பால்ட் ஹில்லில் சில பறப்புகள் செய்தவரை அந்த நேரத்தில் அந்தச் சரிவிலிருந்து அனுப்பியிருந்தால், அவர் அநேகமாக மேலே போய்விட்டிருப்பார். கீழே வருவதைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை.

விமானக் கட்டணமும் விடுப்பும் செலவழித்து வந்தவர்கள், ஈக்களை விரட்டிக்கொண்டு மதியம் முழுவதும் மரநிழலில் உட்கார்ந்திருக்க நேர்ந்தது வருத்தமே. ஆனால் அன்றைய நாள் அவர்களுக்குப் பயனற்றுப் போனது என்று முறையீட்டில் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் வெயில் சாய்ந்து, பகலெல்லாம் சூடேறிய பள்ளத்தாக்கு அந்தச் சூட்டை மெல்ல விட்டுக்கொடுக்கத் தொடங்கியதும், மலையெங்கும் காற்று ஒரே சீராக மேலெழுந்தது. பயிற்றுநர் சம்மதம் தந்தபின் புதியவர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டு, பொழுது சாயும்வரை உயரம் இழக்காமல் மலையைச் சுற்றிவந்தார்கள். முறையீட்டில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் இறங்கியதும் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்தபடியே சிங்கப்பூரில் இருந்த தம் அம்மாவை அழைத்துப் பேசிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

அன்றைய வெற்றியில் பெரும்பங்கு, பறக்காத ஒருவருக்கு உரியது. நமது உறுப்பினர் ஒருவரின் துணைவியார் வாகனத்தை ஓட்டி, வானொலியில் இருவரின் இருப்பிடத்தையும் தொடர்ந்து குறித்துக்கொண்டு, மண்பாதைகளில் அவர்களைத் தேடிப்போய் இரவு பத்து மணிக்குள் முகாமுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பண்ணை வேலிக் கதவுகளைத் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுவரவேண்டும் என்பதில் அவர் காட்டிய கண்டிப்பால்தான், நிலத்துக்குரியவர் கோபிப்பதற்குப் பதிலாகத் தேநீர் கொடுத்து அனுப்பினார். அந்தத் துணைவியாருக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்குச் செயலவை மூன்று முன்மொழிவுகளை வைக்கிறது. புதியவர்களுக்கென மார்ச் பள்ளி விடுமுறையில் தனிப் பயணம் ஒன்று ஏற்பாடு செய்யலாம். தெற்கே அது இலையுதிர் காலமாதலால் தெர்மல் மிதமாக இருக்கும். வாகன ஓட்டுநரின் பயணச் செலவைப் பறப்பவர்கள் பகிர்ந்து ஏற்கவேண்டும். இதுவரை அது அவரவர் நல்லெண்ணத்தில் நடந்துவந்தது சரியல்ல. அவசரப் பாராசூட்டுகளைப் பயணத்துக்கு முன் தகுதியுள்ளவரிடம் கொடுத்து மறுபடியும் மடித்துவைக்கும் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கவேண்டும். நண்பகல் தடையைப் பொறுத்தவரை, அன்றன்றைய வானிலையைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை மூத்த விமானிகளிடமும் பயிற்றுநரிடமும் தொடர்ந்து இருக்கவேண்டும் என்பதே செயலவையின் கருத்து. முறையீடு செய்தவர்கள் இன்று தங்கள் தரப்பைப் பேசுவதற்குத் தலைவர் நேரம் ஒதுக்கியுள்ளார்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்