கலாம் நினைவு நாளும் பிள்ளைகளின் பேச்சும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

கல்வியாண்டு தொடங்கி ஒரு மாதம் கடந்துவிட்டது. பாடநூல்கள் எல்லா வகுப்புகளுக்கும் வழங்கியாயிற்று. விளையாட்டுப் போட்டிகளுக்கான பயிற்சி நல்லபடியாக நடக்கிறது. ஓவியம், வினாடி வினா எனப் பல போட்டிகளில் பங்கேற்ற பிள்ளைகளுக்கும் பரிசு பெற்றவர்களுக்கும் பாராட்டுகள்.

வரும் ஜூலை 27 முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் நினைவு நாள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மலரஞ்சலியும் இரண்டு நிமிட மௌனமும் இருக்கும். அதன்பின் ஆறு மாணவர்கள் பேசுவார்கள். தேசியக் கொடியை அன்று அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கூடாது. அரசு துக்கம் அறிவிக்கும் நாட்களில்தான் அப்படிச் செய்யலாம். 2015இல் அவர் மறைந்தபோது ஏழு நாட்கள் அப்படித்தான் பறந்தது. அப்போதும் கொடியை முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகுதான் பாதிக்கு இறக்க வேண்டும் என்பது விதி. கலாம் வேடமும் அன்று வேண்டாம். அதை அவர் பிறந்தநாளான அக்டோபர் 15, இளைஞர் எழுச்சி நாளுக்கு வைத்துக்கொள்வோம்.

அந்த ஆறு பேச்சுகளைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

இம்மாதம் 15ஆம் தேதி காமராசர் பிறந்தநாளில் பேசிய பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரே வரியில் தொடங்கி ஒரே வரியில் முடித்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரே உரை பல வீடுகளுக்குப் போயிருக்கிறது. “1982இல் காமராசர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார்” என்று ஒரு குழந்தை கணீரென்று சொன்னது, கைதட்டலும் கிடைத்தது. பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் காமராசர் முதல்வராக இருந்தபோது, 1956இல் வந்தது. 1982 எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் ஆண்டு. காமராசரோ 1975இலேயே மறைந்துவிட்டார். பிழை குழந்தையுடையது அல்ல; எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது.

கலாம் அவர்களைப் பற்றிய உரைகளில் இது இன்னும் அதிகம். “இந்தியாவின் முதல் செயற்கைக்கோளை ஏவியவர்” என்று எழுதுகிறார்கள். முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா. 1975இல் சோவியத் ராக்கெட்டில் போனது. கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. நம் மண்ணிலிருந்து நம் ராக்கெட்டே கொண்டுசேர்த்த முதல் செயற்கைக்கோள் அது. அவர் பிறந்தநாளை ஐ.நா. சபை உலக மாணவர் தினமாக அறிவித்தது என்ற வரியும் தவறாமல் வருகிறது. ஐ.நா.வின் சர்வதேச நாட்கள் பட்டியலில் அப்படி ஒரு நாள் இல்லை. பொன்மொழிகளின் நிலை இன்னும் மோசம். அவர் படத்தின் மேல் எந்த வரியை அச்சிட்டாலும் அது அவர் சொன்னதாகிவிடுகிறது. எங்கே, எப்போது சொன்னார் என்று காட்ட முடியாத மேற்கோளை எடுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு வருந்துகிறேன் என்றால், உண்மையில் நடந்ததே பிள்ளைகளுக்குப் போதும். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3இன் முதல் ஏவுதல் தோற்றது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாததால், அந்த அமைப்பு இயங்கத் தேவையான நைட்ரிக் அமிலம் கசிந்து தீர்ந்தது. நிலை தடுமாறிய ராக்கெட் ஐந்தே கால் நிமிடத்தில் வங்கக் கடலில் விழுந்தது. அன்று செய்தியாளர்கள் முன் நின்று பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு வென்றபோது பேசும்படி கலாமை அனுப்பினார். இதைக் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு நிகழ்ச்சியை உணர்ந்து பேசும் குழந்தைக்கு ‘அணு நாயகன், ஏவுகணை நாயகன்’ என்று பட்டங்களை அடுக்கத் தேவையே இருக்காது.

பேச்சு மூன்று நிமிடம். நிதானமாகப் பேசினால் ஏறத்தாழ 250 சொற்கள்தான் கொள்ளும். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் உரைகள் இதைப்போல் இரண்டு மடங்கு; அதனால்தான் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஓட்டி, நடுவில் ஒரு சொல் மறந்ததும் நின்றுவிடுகிறார்கள். ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதை உங்களிடம் முதலில் வாயால் சொல்லட்டும், பிறகு எழுதட்டும். ஆண்டுகளையும் பெயர்களையும் இரண்டு இடங்களிலாவது சரிபாருங்கள். ஒரே உரையை நகலெடுத்த இரண்டு இணையதளங்கள் இரண்டு சான்றாகாது. முழுதாக மனப்பாடம் வேண்டாம். சிறு அட்டையில் ஐந்து குறிப்புகள் எழுதி மேடைக்குக் கொண்டுவரலாம்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோரோ செயலியோ எழுதித் தந்த உரை இம்முறை மேடை ஏறாது. குழந்தை தன் கையெழுத்தில் எழுதியதை 22ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் தர வேண்டும். அதிலிருந்து இரண்டு கேள்விகள் கேட்போம். பதில் தெரியாவிட்டால் அடுத்த மாணவருக்கு வாய்ப்பு போகும். தொலைபேசியில் பரிந்துரைக்க வேண்டாம்.

பிள்ளை மேடையில் தடுமாறிவிடக் கூடாதே என்ற தவிப்பில்தான் நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். வேலை முடிந்து களைத்து வந்தும் அவர்களோடு உட்காருகிறீர்கள். அதற்கு நானும் ஆசிரியர்களும் மனமார நன்றி சொல்கிறோம். தடுமாறினால் பரவாயில்லை, பக்கத்தில் ஆசிரியர் நிற்பார். ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்தவருக்கு அஞ்சலி செலுத்தும் நாளில், பிள்ளைகள் சொந்த வாயால் பேசுவதைக் கேட்க நீங்களும் வாருங்கள். கூட்டம் காலை 9.15க்குத் தொடங்கும்.

அன்புடனும் நன்றியுடனும்,
தலைமையாசிரியர்