கிளவுட் சேவைகளைப் பரிந்துரைக்கும் கருவி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எந்தக் கிளவுட் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினி, சேமிப்பு வசதி) தனக்குச் சரிப்படும் என்று கேட்டு வருபவரிடம் நீங்கள் நீட்டுவது பெரும்பாலும் ஒற்றை மதிப்பெண். விலை, வேகம், பாதுகாப்பு, நம்பகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை போட்டு, பெருக்கிக் கூட்டி, ஒரே எண்ணாக்கிவிடுகிறீர்கள். அந்தக் கூட்டலோடுதான் எனக்குத் தகராறு. தரவை எந்த நாட்டில் வைப்போம் என்று சொல்லாத நிறுவனம்கூட, விலை மலிவு என்ற ஒரே காரணத்தால் பட்டியலில் மேலே ஏறிவிடுகிறது. நோயாளிகளின் பதிவுகளைக் காப்பவருக்கு அது இரண்டு மதிப்பெண் குறைந்த சமாச்சாரம் இல்லை, அந்தப் பக்கமே போகக் கூடாத இடம். எது வேண்டவே வேண்டாம் என்று முதலில் கேளுங்கள், அதில் தேறாதவற்றைத் தூக்கிவிடுங்கள். எடை போடுவதெல்லாம் அப்புறம்.

"உங்களைப் போன்றவர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்கிறீர்களே, யார் அவர்கள்? இந்தத் துறை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் டபிள்யூஎஸ்-டிரீம் தரவுத்தொகுப்பில் 339 பயனர்கள், 5,825 வலைச் சேவைகள். அந்த 339 பேரும் ஆட்களே இல்லை, பிளானட்லேப் என்ற ஆய்வு வலையமைப்பில் இருந்த கணினிகள்! பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவை அளந்தன. உபயோகமான வேலைதான், ஆனால் கணினிக்குப் பிடித்தது பிடிக்காதது கிடையாது, மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத் திடுக்கிடவும் அதற்குத் தெரியாது. வேகத்தைக் கணிக்க அந்த மாதிரித் தரவு போதும் (அளந்த இடம் எனக்குப் பக்கத்தில் இருந்தால்), என் விருப்பத்தைக் கணிக்கப் போதாது.

சரி, நம்பிக்கைக்கு வருவோம். சேவை 99.9 சதவீத நேரம் ஓடும் என்று நிறுவனம் எழுதிக் கொடுப்பதை அப்படியே நம்பக மதிப்பெண்ணாக்குகிறீர்கள். 30 நாளில் 43 நிமிடம் சேவை நின்றாலும் அந்த வாக்கு தவறியதாகாது. அதற்கு மேல் நின்றாலும் வழக்கமாகக் கிடைப்பது பில்லில் ஒரு சிறு தள்ளுபடிதான், நமக்கான நஷ்டம் அதில் வராது. சரி, எந்தச் சேவை ஓடுகிறது, எது நின்றது என்று காட்டும் நிறுவனத்தின் நிலைப் பக்கத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாமே என்றால், 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3 விழுந்தபோது, அந்தப் பக்கத்தை இயக்கும் கருவியே எஸ்3-ஐ நம்பி இருந்ததால், சுமார் இரண்டு மணி நேரம் தனித்தனிச் சேவைகளின் நிலையை மாற்றவே முடியவில்லை. அன்றைக்கு அதைப் படித்து நம்பிக்கையைக் கணக்கிட்டிருந்தால், ஊரே தவித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கருவி மட்டும் முழு மதிப்பெண் போட்டிருக்கும்.

அதனால் நம்பிக்கைக்கு ஒரு எண் மட்டும் தராதீர்கள், அது எங்கிருந்து வந்தது என்பதையும் காட்டுங்கள்: நிறுவனமே சொன்னதா, தணிக்கையாளர் பார்த்ததா, மூன்றாம் தரப்பு அளந்ததா, பணம் கட்டிப் பயன்படுத்துபவர் எழுதியதா. நேற்று கணக்குத் திறந்து ஒரே நாளில் பத்துப் பேர் ஐந்து ஸ்டார் போட்டால், மற்றவர்கள் எழுதியதற்குத் தரும் அதே மதிப்பை அந்தப் பத்துக்கும் தர வேண்டாம்.

அப்புறம், வெளியே வரும் வழி. தரவை எடுத்துக்கொண்டு போக என்ன கட்டணம், எந்த வடிவில் தருவார்கள் என்பது பெரும்பாலான ஒப்பீடுகளில் ஒரு வரியாகக்கூட இருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டப்படி 2027 ஜனவரி 12 முதல் அங்கே சேவை மாறுவதற்குக் கட்டணம் வாங்க முடியாது. மற்றவர்களுக்கு அந்தக் கட்டணத்தை விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பரிந்துரைக்குக் கமிஷன் வாங்குகிறீர்கள் என்றால் அதையும் அங்கேயே போடுங்கள், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வேண்டாம்.