எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னு எழுதுற இன்சூரன்ஸ் ஆபீசருங்களுக்கு

மோட்டார் ஆக்சிடென்ட் கிளெய்ம் ஃபைல் பாக்குற எல்லா இன்சூரன்ஸ் கம்பெனி ஆபீசருங்களுக்கும், அவங்களுக்காக டிரிபியூனல்ல (விபத்து நஷ்டஈடு கேஸை விசாரிக்கிற கோர்ட்டுல) நிக்கிற பேனல் வக்கீலுங்களுக்கும் வணக்கமுங்க.

நான் திருப்பூர்ல பிசியோதெரபி கிளினிக் வச்சிருக்கேன். எங்கிட்ட வர்றது முக்காவாசி பனியன் கம்பெனி ஆளுங்கதான், ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லருங்க, செக்கிங் பண்ற பொம்பளைங்க, அப்புறம் லோடு ஏத்துற பசங்க. இவங்கள்ல வண்டி இடிச்சு கழுத்தோ முதுகோ போய் வர்றவங்க ஃபைல்ல உங்க ஆளுங்க எழுதுற ஒரு வரி இருக்கு பாருங்க, அதுக்காகத்தான் இந்த லெட்டர். "எலும்பு முறிவு இல்லை, சாதாரண காயம்." இந்த ஒத்த வரியை வச்சுக்கிட்டு எத்தனை பேருக்கு கைச்செலவுக்குக் கூட பத்தாத காசை குடுத்து ஃபைலை மூடியிருக்கீங்கன்னு எங்களை விட உங்களுக்கு நல்லா தெரியும்.

ஒரு அக்கா கேஸ் சொல்றேன், பேரு வேண்டாம். ஓவர்லாக் டெய்லர். வீட்டுக்காரர் பைக்ல பின்னாடி உக்காந்து அவினாசி ரோட்டுல சிக்னலுக்கு நின்னுட்டு இருக்காங்க, பின்னாடி வந்த கார்காரர் நேரா வந்து முட்டிட்டாரு. பைக் சாயல, அவங்களும் கீழ விழல. முழங்கை சிராய்ச்சதோட சரி. பக்கத்து ஆஸ்பத்திரில காட்டுனா எக்ஸ்ரே எடுத்து ஒண்ணும் இல்லம்மா போங்கன்னுட்டாங்க, எக்ஸ்ரே வரைக்கும் அது சரிதான். மறுநாள் காலைல தலகாணில இருந்து தலையை தூக்க முடியல, கையில தாங்கிப் புடிச்சுத்தான் எந்திரிச்சிருக்காங்க.

இது எப்படி ஆகுதுன்னா, பின்னாடி இருந்து இடிக்கும்போது சீட்டு உடம்பை முன்னாடி தள்ளுது, தலை மட்டும் இருந்த இடத்துலயே நிக்குது, அதனால கழுத்து பின்னாடி மடங்கி அடுத்த நொடியே முன்னாடி வெட்டி இழுக்குது. முழுசா அரை செகண்டு கூட ஆகாது. கார்ல ஹெட்ரெஸ்ட்டாவது இருக்கு (அதையும் நம்மாளுங்க அடியில இறக்கி விட்டுட்டு முதுகு சாயுற மெத்தையாத்தான் வச்சிருக்காங்க), பைக்ல பின்னாடி உக்காந்தவங்களுக்கு என்ன இருக்கு? இதுல அடிபடுறது தசை, தசைநார், கழுத்தெலும்புக்கு பின்பக்கம் இருக்கிற சின்னச் சின்ன மூட்டுங்க. எக்ஸ்ரே காட்டுறது எலும்பை. தசைநார் இழுபட்டதை அது காட்டாது, எம்ஆர்ஐ எடுத்தாலும் நிறைய பேருக்கு நார்மல்னுதான் வரும். வீக்கமும் தசை இறுக்கமும் ஏற ஏறத்தான் வலி தெரியும், அதனால அடிபட்ட அன்னைக்கு சிரிச்சுப் பேசிட்டு போனவங்க மறுநாள் வந்து அழுவாங்க, இது டிராமா இல்லைங்க, இந்த காயத்தோட சுபாவமே அப்படித்தான். 1995ல கனடாவுல கியூபெக் டாஸ்க் ஃபோர்ஸ்னு ஒரு குழு இதை கிரேடு போட்டு பிரிச்சு வச்சாங்க. வலி மட்டும் இருந்தா கிரேடு 1, கழுத்து அசைவு குறைஞ்சு தொட்டா வலிச்சா 2, நரம்பு பாதிச்சிருந்தா 3, எலும்பு முறிஞ்சாலோ விலகினாலோ 4. நீங்க 4 இருந்தா மட்டும்தான் காயம்னு ஒத்துக்கிறீங்க, மீதி மூணும் உங்க கணக்குல இல்லவே இல்லை.

சரி வலியை எப்படி நம்புறதுன்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான். அதுக்குத்தான் நாங்க அளக்குறோம். நல்லா இருக்கிற ஒருத்தர் கழுத்தை ஒரு பக்கம் வழக்கமா 70 டிகிரி கிட்ட திருப்புவாங்க. அந்த அக்கா முதல்ல வந்தப்ப கோனியோமீட்டர் (மூட்டு எத்தனை டிகிரி அசையுதுன்னு அளக்குற கருவி) வச்சுப் பாத்தா வலப்பக்கம் 30 தாண்டல, கூப்பிட்டா தலையை திருப்பாம உடம்போட சேத்து திரும்புனாங்க. சரி திருப்பத்தான் முடியல, குனிய முடியுமான்னா அதுவும் முடியல. ஓவர்லாக் மெஷின்ல லூப்பர் நூல் அறுந்துச்சுன்னா முகத்தை மெஷினுக்கு கிட்ட கொண்டு போய் கோர்க்கணும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை அறும்னு பனியன் கம்பெனில இருந்தவங்களுக்கு தெரியும். வேலைக்கு திரும்பப் போனப்ப ஒவ்வொரு தடவையும் பக்கத்து மெஷின் புள்ளையை கூப்பிட்டு கோர்க்கச் சொல்லிருக்காங்க, ரெண்டு வாரம் அந்தப் புள்ளையும் கோர்த்து குடுத்துச்சு, அப்புறம் சூப்பர்வைசர் சத்தம் போட்டாரு. சீசன் நேரத்துல ஒன்றரை ஷிப்ட் பாத்தவங்க அரை ஷிப்டுக்கு வந்துட்டாங்க. சனிக்கிழமை சம்பளக் கவர் பாதிக்கு கீழ ஆயிடுச்சு. இதுல எந்த எலும்பு முறிஞ்சுது சொல்லுங்க?

இப்ப சட்டத்துக்கு வருவோம். நான் வக்கீல் இல்லை, ஆனா பேஷன்டுங்களுக்காக படிச்சு படிச்சு இது பழகிடுச்சு. மோட்டார் வாகனச் சட்டத்துல கொடுங்காயம்னா கிரிமினல் சட்டத்துல இருக்கிற அதே அர்த்தம்தான். அதுல எலும்பு முறிவு ஒரு வகை மட்டும்தான். காயத்தால கடுமையான வலியில கிடந்தாலோ வழக்கமான வேலையை பாக்க முடியாம போனாலோ அதுவும் கொடுங்காயம்னு பழைய ஐபிசி, அதாவது இந்திய தண்டனைச் சட்டம், 320வது பிரிவுலயே இருந்துச்சு, அப்ப 20 நாள்னு வச்சிருந்தாங்க. அதுக்கு பதிலா 2024 ஜூலை 1ல இருந்து வந்த பாரதிய நியாய சன்ஹிதா 116வது பிரிவுல அதையும் 15 நாளா குறைச்சிட்டாங்க. அப்ப மாசக்கணக்குல மெஷின்ல உக்கார முடியாத ஆளுக்கு எந்தக் கணக்குல "சாதாரண காயம்"னு எழுதுறீங்க? போலீஸ் எழுதிட்டாங்க நாங்க அதைத்தான் எடுத்தோம்னு சொல்லாதீங்க. எஃப்ஐஆர் போடுறப்ப வலி ஆரம்பிச்சே இருக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 164வது பிரிவுல யார் மேல தப்புன்னு நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு ரெண்டரை லட்சம்னு சட்டம் வச்சிருக்கு. அந்த ஒத்த வார்த்தைல எவ்வளவு பணம் நிக்குதுன்னு தெரிஞ்சுதானே "சாதாரணம்" பக்கமே சாயுறீங்க?

அடுத்து பர்சன்டேஜ் கதை. மெடிக்கல் போர்டு எத்தனை பர்சன்ட் ஊனம்னு குடுத்தாங்க, ஒரு பர்சன்டுக்கு மூவாயிரமா அஞ்சாயிரமா, பெருக்கு, முடிஞ்சுது. பர்சன்ட் இல்லைன்னா காசும் இல்லை. 2010ல ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருக்கு, உடம்புல எத்தனை பர்சன்ட் ஊனம்னு பாத்து அதையே வருமான இழப்புன்னு எந்திரத்தனமா எடுக்கக் கூடாது, அந்த ஆளு என்ன வேலை பாத்தாரு, இந்த காயத்தோட அந்த வேலையை பாக்க முடியுமான்னு பாக்கணும்னு. நிரந்தர ஊனமே இல்லைன்னாலும் வைத்தியச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, வேலைக்கு போகாத நாளோட வருமானம், அப்புறம் வலிக்கும் வேதனைக்கும் தனியா, இதெல்லாம் குடுக்கணும்னும் அதே தீர்ப்புல இருக்கு. உங்க பேனல் வக்கீலுங்களுக்கு இந்த தீர்ப்பு மனப்பாடமா தெரியும், எங்க ஆளுங்களுக்குத்தான் தெரியாது, அதுதான் உங்களுக்கு வசதி.

முதுகு கேஸ்ல விளையாட்டு வேற மாதிரி. அங்க எம்ஆர்ஐல டிஸ்க் பல்ஜ்னு (முதுகெலும்புங்களுக்கு நடுவுல இருக்கிற மெத்தை பிதுங்கியிருக்குன்னு) வரும், உடனே "இது வயசானதால வந்த தேய்மானம், ஆக்சிடென்ட்டுக்கு சம்பந்தம் இல்லை"ன்னு எழுதுவீங்க. கழுத்துல ஒண்ணும் தெரியலைன்னாலும் காசு இல்லை, முதுகுல ஏதாவது தெரிஞ்சாலும் காசு இல்லை, நல்லா இருக்குங்க. உண்மையைச் சொல்லணும்னா வலியே இல்லாத நிறைய பேருக்கு ஸ்கேன் எடுத்தா டிஸ்க் பல்ஜ் இருக்கத்தான் செய்யும், வயசு ஏற ஏற அது கூடும், அதை நான் மறுக்கல. ஆனா அதே காரணத்தாலதான் படத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு சொல்றேன். ஆக்சிடென்ட்டுக்கு முந்தின நாள் வரைக்கும் துணி மூட்டையை முதுகுல போட்டு ஈச்சர் வண்டில ஏத்துன பையன், அடிபட்ட அடுத்த வாரம் செருப்பு மாட்ட குனிய முடியலைன்னா, தேய்மானம் நேத்து ராத்திரி வந்துச்சா? ஏற்கனவே கொஞ்சம் தேஞ்ச முதுகா இருந்தாலும் அதை வேலைக்கு ஆகாம பண்ணது அவனை இடிச்ச லாரிதானே.

போலி கிளெய்ம் இருக்கு, தெரியும். உத்தரப் பிரதேசத்துல 2015ல ஹைகோர்ட்டே எஸ்ஐடி (சிறப்பு புலனாய்வுக் குழு) போடச் சொல்ற அளவுக்கு போச்சு. கழுத்து வலின்னு சும்மா சொல்லிட்டு வர்றவங்களை நானும் பாத்திருக்கேன், திரும்பத் திரும்ப அளந்தா மாட்டிக்குவாங்க, பேசிட்டே இருக்கும்போது போன் அடிச்சா நல்லா திரும்பி எடுப்பாங்க. அதனால பரிசோதனை பண்ணுங்க, கூடவே நல்ல டாக்டரை வச்சு பண்ணுங்க. பரிசோதனையே பண்ணாம எல்லாரையும் திருடன்னு முடிவு கட்டுறதுதான் தப்பு. இங்கிலாந்துலயும் இந்த கழுத்து கிளெய்ம் ஓவரா போச்சுன்னு 2018ல சட்டம் போட்டு, 2021 மே 31ல இருந்து ரேட் கார்டே கொண்டு வந்தாங்க, மூணு மாசத்துக்குள்ள சரியாயிட்டா 240 பவுண்டு, ரெண்டு வருஷம் வரைக்கும் இழுத்தா 4,215 பவுண்டுன்னு. ரொம்பக் கம்மின்னு அங்கயே திட்டுனாங்க, எனக்கும் அந்த ரேட் கார்டு புடிக்கல. ஆனா அதே சட்டத்துல ஒரு நல்ல விஷயம் இருக்கு, மெடிக்கல் ரிப்போர்ட் இல்லாம இந்த காயத்துக்கு செட்டில்மென்ட் பேசவே கூடாதுன்னு தடை. இங்க என்ன நடக்குது? கழுத்துல காலர் போட்டுட்டு இருக்கும்போதே வீட்டுக்கு ஆளு வந்து, "இப்ப கையெழுத்து போட்டா உடனே கிடைக்கும், கோர்ட்டுக்கு போனா வருஷக்கணக்குல அலையணும்"னு சொல்லி முழு திருப்தியோட வாங்கிக்கிட்டேன்னு எழுதி வாங்கிட்டு போறாங்க. அந்த அக்கா வீட்டுக்கும் ஒருத்தர் வந்தாரு. எந்த கம்பெனின்னு சொல்ல வரல. அடுப்படில நின்னு தாளிச்சுட்டு இருந்தவங்களை போட்டோ எடுத்துட்டு போனாரு, "வீட்டு வேலை நல்லா செய்யறாங்க"ன்னு ரிப்போர்ட். ஒரு பொம்பளை கழுத்து வலிக்குதுன்னு சோறாக்காம இருந்தா அந்த வீட்டுல யாருங்க ஆக்கிப் போடுவாங்க?

மோட்டார் வாகனச் சட்டம் 149வது பிரிவுப்படி ஆக்சிடென்ட் தகவல் வந்த உடனே நீங்க ஒரு ஆபீசரை நியமிக்கணும், 30 நாளுக்குள்ள விவரத்தோட ஆஃபர் குடுக்கணும், அதுவும் டிரிபியூனல் முன்னாடி. 2022 டிசம்பர்ல கோஹர் முகமது வழக்குல சுப்ரீம் கோர்ட் இதையெல்லாம் ஒழுங்கா செய்யச் சொல்லி போலீசுக்கும் உங்களுக்கும் சேத்துத்தான் உத்தரவு போட்டுச்சு. போலீஸ்கிட்ட இருந்து 48 மணி நேரத்துல முதல் ரிப்போர்ட், 90 நாள்ல விரிவான ரிப்போர்ட் டிரிபியூனலுக்கு போகணும்னு ரூல் இருக்கு. இந்த கழுத்து முதுகு கேஸ்ல ஆஃபர் வந்து நான் பாத்ததே இல்லை. வாய்தா மேல வாய்தாதான்.

எங்க பில்லையும் கொஞ்சம் மதிங்க. இந்த காயத்துக்கு வைத்தியமே முக்கியமா எங்ககிட்டதான் நடக்குது, காலரை மாசக்கணக்குல போட்டு வைக்காம கழுத்தை மெதுவா அசைக்க வைக்கணும்னுதான் இப்ப எல்லா டாக்டரும் சொல்றாங்க. ஆனா பிசியோ பில்னா உங்களுக்கு மசாஜ் பில் மாதிரி. ஒரு தடவை சாட்சி சொல்லப் போனப்ப உங்க வக்கீல் கேட்ட முதல் கேள்வி "நீங்க எம்பிபிஎஸ்ஸா?" இல்லைங்க, நான் பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு), நாலரை வருஷம் படிச்சது, 2021லயே எங்களையும் சேத்து இந்த மாதிரி சுகாதாரத் தொழில் பாக்குறவங்களுக்குன்னு சட்டம் போட்டாச்சு, கமிஷனும் வந்தாச்சு. நான் அளந்த டிகிரி தப்புன்னா எப்படி தப்புன்னு கேளுங்க, பதில் சொல்றேன்.

நடுவுல ஆக்சிடென்ட் ஆனவங்க யாராவது இதை படிச்சா உங்களுக்கும் ஒரு வார்த்தை. கேசுவாலிட்டில கழுத்தும் முதுகும் எங்க வலிச்சாலும் சொல்லி ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல எழுத வைங்க, வலி மறுநாள் வந்தா மறுநாளே திரும்பப் போய் காட்டுங்க, அந்த சீட்டுதான் பின்னாடி பேசும். மருந்து பில், ஆட்டோ செலவு, லீவு போட்ட கணக்கு எல்லாம் ஒரு கவர்ல போடுங்க. சம்பளச் சீட்டு இல்லைன்னா கம்பெனில ஒரு லெட்டராவது வாங்குங்க. ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு 2022 ஏப்ரல்ல இருந்து சட்டம் இருக்கு, அதை எதிர்த்து கேஸ் நடந்துச்சு, ஆனா அதை நம்பி இழுத்தடிக்காதீங்க. விபத்து நடந்த ஊர்லதான் போடணும்னு இல்லை, நீங்க குடியிருக்கிற ஊர் டிரிபியூனல்லயே போடலாம்.

திரும்ப ஆபீசருங்களுக்கே வர்றேன். நான் கேக்குறது புதுச் சட்டம் இல்லை. எலும்பு முறிவு இல்லைன்னு எழுதுறப்ப, அதுக்கு கீழயே அந்த ஆளு எத்தனை நாள் வேலைக்கு போகல, என்ன வேலை, அந்த வேலையை இப்ப முழுசா பாக்க முடியுதான்னு மூணு வரி எழுதுங்க. சந்தேகம் இருந்தா உங்க செலவுல ஒரு ஆர்த்தோ டாக்டரை அனுப்பி பரிசோதிங்க. மெடிக்கல் ரிப்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் செட்டில்மென்ட் கையெழுத்து வாங்காதீங்க. அந்த அக்கா கேஸ் இன்னும் டிரிபியூனல்லதான் நிக்குது, என் ரிப்போர்ட்டும் அந்த ஃபைல்லயே இருக்கு. அடுத்த வாய்தாவுக்கு வர்ற வக்கீல் தயவு செஞ்சு அதை ஒரு தடவை படிச்சுட்டு வரட்டும்.

இப்படிக்கு,
திருப்பூர்ல இருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்